இரண்டு குழந்தைகளின் பெயரில் ஒரு இசைப் புதையல்!

கஸ்டமர் கேருக்கு போன் போட்டுக் காத்திருக்கும்போது துள்ளலாக ஒரு வயலின் இசை கேட்டிருப்பீர்கள். அது அன்டோனியோ விவால்டியின் 'நான்கு பருவங்கள்' இசையில் வரும் வசந்தகாலமாக இருக்கலாம். 1725-ல் அச்சானது. ஆனால், நூறு வருடங்களுக்கு முன்புவரை உலகம் இந்த மனிதரை ஏறக்குறைய மறந்தே போயிருந்தது.

1678-ல் வெனிஸில் பிறந்தவர். செம்பட்டை முடி என்பதால் 'சிவப்புப் பாதிரியார்' என்று பட்டப்பெயர். 1703-ல், கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த பியட்டா இல்லத்தில் வயலின் ஆசிரியரானார். அந்த இல்லத்துப் பெண்கள் கம்பித் தடுப்புக்குப் பின்னால் இருந்து வாசிப்பார்கள். முகம் தெரியாது, இசை மட்டும்தான் வரும். அதைக் கேட்கவே வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். விவால்டி இவர்களுக்காக எழுதியவை ஏராளம். பிறகு ரசிகர்களின் ரசனை மாறியது. 1741-ல் வியன்னாவில் வறுமையில் இறந்தார். அவர் கைப்பட எழுதிய பிரதிகள் எங்கே போயின என்றே தெரியவில்லை.

1926-ல் வடக்கு இத்தாலியில் ஒரு பள்ளிக்குக் கட்டடம் பழுதுபார்க்கப் பணம் தேவைப்பட்டது. நம் ஊரில் டான் பாஸ்கோ பள்ளிகளை நடத்தும் அதே சலேசிய சபையின் பள்ளி. தானமாக வந்திருந்த பழைய இசைப் புத்தகங்களை விற்றால் என்ன கிடைக்கும் என்று டூரின் தேசிய நூலகத்திடம் விசாரித்தார்கள். பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தவர் பேராசிரியர் ஆல்பர்ட்டோ ஜென்டிலி. மொத்தம் 97 தொகுதிகள். அதில் 14 தொகுதிகள் முழுக்க விவால்டி!

வாங்க நூலகத்திடம் பணம் இல்லை. அப்போதுதான் பங்குத் தரகர் ராபர்ட்டோ ஃபோவா முன்வந்தார். அவருடைய கைக்குழந்தை மௌரோ இறந்து போயிருந்தது. குழந்தையின் நினைவாக மொத்தத்தையும் வாங்கி நூலகத்துக்குக் கொடுத்தார்.

ஆனால், தொகுதிகளின் எண்களில் இடைவெளி இருந்தது. அப்படியென்றால் இது பாதிதான்! மீதி, ஜெனோவாவில் டுராட்சோ என்ற பிரபுக் குடும்பத்தின் வாரிசிடம் இருந்தது. லேசில் தருகிற ஆள் இல்லை அவர். 1930-ல் ஒருவழியாக மசிந்தார். இந்த முறை பணம் கொடுத்தவர் தொழிலதிபர் ஃபிலிப்போ ஜோர்டானோ. அவரும் ரென்சோ என்ற சின்ன மகனைப் பறிகொடுத்தவர்.

இரண்டும் சேர்ந்து விவால்டியின் 27 தொகுதிகள். சுமார் 450 படைப்புகள்.

1939-ல் சியனா நகரில் 'விவால்டி வாரம்' கொண்டாடினார்கள். ஆனால், புதையலை அடையாளம் கண்ட ஜென்டிலி யூதர். அதற்கு முந்தைய வருடமே முசோலினி அரசின் இனச் சட்டத்தால் வேலையை இழந்திருந்தார்.

அந்த விழாவில் ஒலித்தவற்றில் 'குளோரியா'வும் ஒன்று. யூடியூபில் இருக்கிறது, அரை மணி நேரம்தான். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். அதன் கையெழுத்துப் பிரதி இருக்கும் டூரின் நூலகத்தில், அந்தத் தொகுதிகளுக்கு இன்றும் மௌரோ, ரென்சோ பெயர்கள்தான்.