உயிரைக் கேட்கலாம், உள்ளத்தைக் கேட்கலாகாது

“பதுங்கு குழிக்குள் நாத்திகன் இல்லை” என்பது மேனாட்டார் போர்க்களம் பற்றிச் சொல்லிவரும் பழமொழி. சாவு தலைக்கு மேற் பறக்கும் வேளையில் எவனும் கடவுளைக் கூவியழைத்தே தீருவான் என்பது இதன் பொருள். இதன் அடியில் வேறொரு கருத்தும் மறைந்திருக்கின்றது. கடவுளை நம்பாதவன் கடமையிலும் உறுதியற்றவன். அவன் கையில் துப்பாக்கியைக் கொடுக்கலாம், அவன் வாக்கை ஏற்கலாகாது என்பதே அது. இக் கூற்று நிற்குமா? வரலாற்றையும் சட்டத்தையும் சாட்சிக்கு அழைப்போம்.

சாள்ஸ் பிராட்லா 1850இல் பிரித்தானியக் குதிரைப்படையிற் சேர்ந்து 1853 வரை போர்வீரராகப் பணிபுரிந்தவர். அவருடைய உடலுழைப்பை ஏற்பதற்கு அரசு தயங்கவில்லை. அவரே 1880இல் நோர்தாம்ப்டன் மக்களின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்துள் நுழைந்து, கடவுள் பெயராற் சத்தியம் செய்வதற்குப் பதிலாக உறுதிமொழி கூற அனுமதி வேண்டினார். அனுமதி கிடைக்கவில்லை. சத்தியம் செய்யவே முன்வந்தபோது, நாத்திகன் செய்யும் சத்தியம் செல்லாது என்று அதனையும் தடுத்தனர். உறுதிமொழியும் கூடாது, சத்தியமும் கூடாது என்றால் அம் மனிதன் எங்கே போவான்? மணிக்கூட்டுக் கோபுரத்திற் சிறைவைக்கப்பட்ட அவரை மக்கள் மீண்டும் மீண்டும் தெரிவுசெய்தனர். 1886இலேதான் அவருக்கு ஆசனம் கிடைத்தது. சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூறும் உரிமையை நிலைநாட்டிய 1888ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய முயற்சியின் பயனே.

அரசாங்கப் பதவி எதற்கும் மதச் சோதனை கூடாது என்று 1787இல் வரைந்த தனது அரசியல் யாப்பிலேயே எழுதிவைத்த நாடு அமெரிக்கா. ஆயினும் அந்நாட்டின் இராணுவ, கடற்படை, விமானப்படைக் கல்லூரிகளிற் பயின்ற இளைஞர்கள் ஞாயிறுதோறும் வழிபாட்டுக்குச் சென்றேயாக வேண்டும் என்ற கட்டளை 1972 வரை நீடித்தது. மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். “இது வழிபாடு அன்று, பயிற்சி, தாம் தலைமை தாங்கப்போகும் வீரர்களின் மத உணர்ச்சியை அதிகாரிகள் அறியவேண்டும்” என்று அரசாங்கத் தரப்பு வாதாடியது. ஆலயத்துக்குத் துரத்திவிட்டு, அதனை ஆலயம் அன்று, வகுப்பறை என்பது எத்தகைய வாதம்! மேன்முறையீட்டு நீதிமன்றம் அக் கட்டளையைச் செல்லாதெனத் தீர்த்தது. அதனை எதிர்த்த அரசாங்கத்தின் விண்ணப்பத்தை விசாரணைக்கு ஏற்க உச்ச நீதிமன்றம் 1972 டிசம்பரில் மறுத்தது.

அத்துடன் நோய் தீர்ந்ததா? இல்லை. 2013இல் அமெரிக்க விமானப்படை தன் விதியைத் திருத்தியபோது, சேவை உறுதியுரையின் இறுதியில் வரும் “கடவுள் எனக்குத் துணைபுரிவாராக” என்ற சொற்களை விட்டுவிடுவதற்கு முன்னிருந்த அனுமதியை நீக்கியது. 2014இல் நெவாடாவில் ஒரு விமானப்படை வீரர் மறுசேர்ப்புப் பத்திரத்தில் அச் சொற்களை வெட்டினார். அவருடைய மறுசேர்ப்பு மறுக்கப்பட்டது. அவர் கடமை தவறினார் என்று எவரும் குற்றஞ்சாட்டவில்லை. மனத்தில் இல்லாததை வாயாற் சொல்ல மறுத்தார் என்பதே அவர் செய்த குற்றம். பாதுகாப்புத் திணைக்களத்தின் சட்ட அதிகாரிகள் ஆராய்ந்த பின், அவ்வாண்டு செப்டம்பர் 17ஆம் திகதி விமானப்படை தன் பிடிவாதத்தைக் கைவிட்டது.

பழமொழிக்கு விடையாக ஓர் இறப்பையும் கூறவேண்டும். புகழ்பெற்ற காற்பந்து வீரர் பற் ரில்மன் 36 இலட்சம் டொலர் ஒப்பந்தத்தை உதறிவிட்டு 2002இல் சாதாரணச் சிப்பாயாகப் படையிற் சேர்ந்தவர். 2004 ஏப்ரல் 22ஆம் திகதி ஆப்கானிஸ்தானில் தம் படையினரின் குண்டுக்கே தவறுதலாக இரையானார். அவர் மதநம்பிக்கை உடையவர் அல்லர் என்பதை நினைவுக் கூட்டத்தில் அவருடைய சகோதரரே எடுத்துரைத்தார். இவரிடம் நாட்டுப்பற்றுக் குறைவு என்று சொல்லத் துணிபவர் யார்?

படைக்கு ஒழுங்கு வேண்டும், ஒழுங்குக்கு ஒருமைப்பாடு வேண்டும் என்பர். ஒப்புக்கொள்கின்றோம். எழு என்றால் எழவும், நட என்றால் நடக்கவும் வீரன் கடமைப்பட்டவன். ஆனால் நம்பு என்ற கட்டளைக்கு எவனும் கீழ்ப்படிய இயலாது. நம்புவதாக நடிக்கவே இயலும். உண்மையாக இருப்பேன் என்று சொல்லும் அதே மூச்சில் ஒரு பொய்யையும் சொல்லவைப்பது ஒழுங்கை வளர்க்குமா, அழிக்குமா?

நாம் நாத்திகத்துக்காக வழக்குரைக்கவில்லை. எமது வாசகரிற் பெரும்பாலோர் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ செல்பவர்கள். அவர்களுக்கே இதில் முதல் அக்கறை இருத்தல் வேண்டும். இன்று நம்பாதவனின் வாயில் ஒரு பெயரைத் திணிக்கும் அதிகாரம், நாளை நம்புபவனின் வாயில் வேறொரு பெயரைத் திணிக்கத் தயங்காது.

எமது நாட்டின் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கின்றது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் உரிய சுதந்திரத்தை எல்லோருக்கும் வழங்குகின்றது. படையினரின் உரிமைகளைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தலாம் எனக் கூறும் 15ஆம் உறுப்புரையின் 8ஆம் பந்தியோ 12(1), 13, 14 ஆகிய உறுப்புரைகளை மட்டுமே குறிப்பிடுகின்றது. 10ஆம் உறுப்புரையை அது தொடவில்லை. சீருடை அணிபவனின் பேச்சுக்கும் நடமாட்டத்துக்கும் சட்டம் வேலியிடலாம்; அவன் மனச்சாட்சிக்கு வேலியிட இடமில்லை.

ஒல்லாந்து நாட்டுப் படைகளில் 1964 முதல், குருமாரோடு கூட, கடவுள் நம்பிக்கை இல்லாத வீரர்களுக்கு ஆறுதல் கூறும் மனிதநேய ஆலோசகர்களும் பணிபுரிகின்றனர். அதனால் அப் படை குலைந்துவிடவில்லை. பிற நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றுதல் வேண்டும். உறுதியுரையில் தெரிவுரிமை, வழிபாட்டில் வற்புறுத்தலின்மை, துன்பத்தில் துணை: இம்மூன்றும் சலுகைகள் அல்ல, உரிமைகள். தனக்காக உயிரைத் தா என்று கேட்கும் அரசு, அந்த உயிருக்குள் இருக்கும் உள்ளத்தை அதன் போக்கில் விட்டுவைக்கக் கடமைப்பட்டுள்ளது.