ஐஸ்லாந்து ரோடு ட்ரிப் சிவகாசிக்குச் சொல்லும் பாடம்!

பனி மூடிய எரிமலைகள் நடுவே கார் ஓடும் ஐஸ்லாந்து ரீல்ஸ் உங்க ஃபோனிலும் வந்திருக்கும். அங்கே பனிப்புயல் என்றால் சாலையையே மூடிவிடுவார்கள். 2023 நவம்பர் 10 இரவு, தொடர் நிலநடுக்கங்களால் கிரிண்டாவிக் ஊரையே காலி செய்தார்கள். எரிமலை வெடித்ததோ டிசம்பர் 18-ல்தான்!

பனியில் சிக்குபவர்களை மீட்பது தன்னார்வலர்கள். அவர்களின் முக்கிய வருமானம் எது தெரியுமா? புத்தாண்டுப் பட்டாசு விற்பனை.

இப்போ நம்ம சிவகாசிக்கு வாங்க. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் பலி. அதன் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. விசாரணை, இழப்பீடு, சீல் எல்லாம் பெரும்பாலும் வெடித்த பிறகுதான்.

எரிமலையை யாராலும் நிறுத்த முடியாது. மருந்து அறையில் அளவுக்கு மீறி ஆட்கள் இருப்பதை நிறுத்த முடியும். அந்த சீலை முன்பே வையுங்க!