முகவரி சரி, அனுமதி?

மக்களே, இந்த வாரம் வகுப்பில் தபால் விளம்பரம். வாடிக்கையாளர் டேட்டாவை எப்படி சுத்தமா வெச்சுக்கறதுன்னு மூணு மணி நேரம்!

சில விஷயம் சுலபம். டொராண்டோ அஞ்சல் குறியீடு 'எம்'மில்தான் ஆரம்பிக்கும். கனடாவில் எந்தக் குறியீட்டிலும் 'ஓ' கிடையாது; பட்டியலில் இருந்தா பூஜ்யத்துக்குப் பதிலா யாரோ தட்டியிருக்காங்க. வீடு மாறினவங்களைக் கண்டுபிடிக்க கனடா போஸ்ட்டே முகவரி மாற்றப் பட்டியல் வெச்சிருக்கு.

சாஃப்ட்வேர் திணறுறது நம்மாளுங்க கிட்டதான். ஸ்கார்பரோவில் ஒரு வீடு. குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பாவுக்குத் தாத்தா பேர், பிள்ளைக்கு அப்பா பேர். ஒரே குடும்பத்துக்கு ரெண்டு கவர் போகும். பேஸ்மெண்ட்டில் வாடகைக்கு இருக்கறவங்க நிஜமாவே வேற குடும்பம். கதவு எண் ஒண்ணுங்கறதால அவங்களை மேல்வீட்டோட சேர்த்துடும். (கூப்பன் வீட்டு ஓனருக்கு!)

சரி, எல்லாம் திருத்தியாச்சு. அனுப்பலாமா? இங்கதான் வில்லங்கம். ஒருத்தருக்குப் பேர், முகவரி எல்லாம் துல்லியமா ஒரு உணவக விளம்பரம் வந்தது. எப்படிக் கிடைச்சதுன்னு புகார் பண்ணினார். கடிதம், பார்சல்களின் மேலே இருக்கும் விவரங்களை வெச்சு கனடா போஸ்ட் விளம்பரப் பட்டியல் தயாரிச்சு வாடகைக்கு விட்டது வெளியே வந்தது. யார் ஆன்லைனில் எந்த மாதிரி சாமான் வாங்கறாங்கங்கற ஊகம் உட்பட! சம்மதம் கேட்கலை, இது தனியுரிமைச் சட்டத்தின் 5வது பிரிவுக்கு விரோதம்னு 2023 செப்டம்பரில் ஆணையர் அறிவிச்சார்.

வழியும் அவரே சொன்னார்: வீடு வீடா கடிதம் போட்டுச் சொல்லுங்க, வேண்டாதவங்க விலகிக்கட்டும். கடிதம் போடறதுதானே அவங்க தொழில்? அப்போ ஒத்துக்கலை.