கண்ணாடி மாளிகைக்கு ஒரு வக்கீல்

கார் வாங்கப்போகும் நடுத்தரக் குடும்பங்களுக்குச் சென்ற இதழின் கட்டுரை ஒன்றில் ஒரு கட்டளை பிறப்பிக்கப்பட்டிருக்கிறது. புது வண்டியை முன்பதிவு செய்வதானால் நகரெங்கும் கிளை பரப்பிய பெரிய டீலரிடம் மட்டுமே செய்யுங்கள். சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் ஒற்றை ஷோரூமை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் சிறிய டீலரின் படியேறாதீர்கள். வண்டி சீக்கிரம் வரும், தள்ளுபடி கூடுதலாகக் கிடைக்கும், முன்பணம் பத்திரமாக இருக்கும், சர்வீஸுக்கு உத்தரவாதம் உண்டு என்று நான்கு காரணங்களும் அடுக்கப்பட்டிருக்கின்றன. கட்டுரையாளர் தன் வாழ்நாளில் ஒரு ஆன்ரோடு விலைப்பட்டியலையாவது வரிவரியாகப் படித்திருக்கிறாரா?

அந்தப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ்ஷோரூம் விலையைத் தீர்மானிப்பது உற்பத்தி நிறுவனம். சாலை வரியைத் தீர்மானிப்பது தமிழக அரசு. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு 18 சதவீதம், அதற்கும் மேலென்றால் 20 சதவீதம். மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பரில் கட்டாயமானது; அதன் கட்டணமும் டீலர் வைப்பதல்ல. 10 லட்சத்தைத் தாண்டும் காருக்கு ஒரு சதவீதம் டி.சி.எஸ். வருமான வரித்துறைக்குப் போகிறது. இவற்றில் எந்த வரியில் பெரிய டீலரின் பெருமை நுழைந்து விலையைக் குறைக்கப்போகிறது? டீலரின் கை நீளக்கூடிய இடங்கள் வேறு: சொந்த சேதக் காப்பீடு, ஆக்சஸரிஸ், கூடுதல் வாரண்டி, கடன் வாங்கித் தருவதில் கிடைக்கும் கமிஷன், பழைய வண்டிக்குப் போடும் மதிப்பு, ஹேண்ட்லிங் சார்ஜ் என்ற பெயரில் வரும் அநாமதேயத் தொகை. நாலு மாடிக் கண்ணாடி மாளிகையின் வாடகையும் ஏ.சி. பில்லும் இந்த இடங்களில்தான் வசூலாக வேண்டும். மேலே தள்ளுபடி என்று பெரிய எழுத்தில் போட்டதைக் கீழே இன்சூரன்ஸ் வரியில் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளும் வித்தை சிறியவருக்கும் தெரியும், பெரியவருக்கும் தெரியும். கட்டுரையாளருக்கு மட்டும் தெரியவில்லை. ஷோரூம் சொல்லும் இன்சூரன்ஸைத்தான் எடுத்தாக வேண்டும் என்று எந்த டீலரும் கட்டாயப்படுத்த முடியாதபடி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிகள் 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கின்றன. வாங்குபவருக்கு உண்மையிலேயே காசு மிச்சப்படுத்தும் இந்த உரிமையைப் பற்றி அவ்வளவு நீண்ட கட்டுரையில் ஒரு வாக்கியம் உண்டா?

சரி, தள்ளுபடி எங்கிருந்து பிறக்கிறது? டீலரின் தாராள மனத்திலிருந்து என்று நம்புகிறார் நம் அறிஞர். இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்ட் 23 அன்று மாருதி சுசூகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்த ஆணையை அவர் படித்திருந்தால் இந்த அசட்டு நம்பிக்கை எப்போதோ உடைந்திருக்கும். தான் அனுமதித்த அளவுக்கு மேல் எந்த டீலரும் தள்ளுபடி தரக்கூடாது என்று நிறுவனம் கட்டுப்பாடு வைத்திருந்தது. வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை ஷோரூமுக்குள் அனுப்பி வேவு பார்த்தது. மீறிய டீலருக்கு மட்டுமல்லாமல் அங்கே வேலை பார்த்த விற்பனைப் பிரதிநிதிக்கும் மேலாளருக்கும் தண்டம் போட்டது என்பதுதான் ஆணையம் கண்ட முடிவு. விசாரணைக்கு வித்திட்டது ஒரு டீலர் அனுப்பியதாகச் சொல்லப்படும் பெயரில்லாத மின்னஞ்சல். நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. அது அதன் உரிமை. ஆனால் ஒரு பெரும் நிறுவனம் இத்தனை மெனக்கெட்டு எதை அடக்கப் பார்த்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரே பிராண்டின் இரண்டு டீலர்கள் ஒரே நகரத்தில் ஒருவரோடொருவர் போட்டி போட்டு விலையைக் குறைப்பதைத்தான். வாங்குபவரின் பேரச் சக்தி முழுதும் அந்தப் போட்டியில் இருக்கிறது. அதை ஒழித்துக்கட்டும் யோசனையை, எல்லோரும் பெரியவரிடமே போங்கள் என்ற உபதேசத்தை, நுகர்வோர் நலன் என்று பெயர் சூட்டி விற்பவரை என்னவென்று சொல்வது? ஈக்காட்டுத்தாங்கலின் சிறிய டீலர் கடையை மூடிவிட்டால், மறுநாள் பெரியவர் எதற்காக உங்களுக்குத் தள்ளுபடி தர வேண்டும்?

இதில் இன்னொரு கூத்து, தன் வாதத்தைத் தானே வெட்டிக்கொள்வது. முதல் பக்கத்தில் பெரிய டீலரிடம் தள்ளுபடி அதிகம் என்கிறார். மூன்றாம் பக்கத்தில் அதே டீலரிடம் எல்லோருக்கும் ஒரே விலை, பேரம் பேசும் சங்கடமே கிடையாது என்று புளகாங்கிதம் அடைகிறார். இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்? ஒரே விலைக்கு நிஜமான உதாரணம் வேண்டுமென்றால் மெர்சிடிஸ் பென்ஸ் 2021இல் இந்தியாவில் கொண்டுவந்த முறையைப் பார்க்கட்டும்: ஸ்டாக் நிறுவனத்துடையது, இன்வாய்ஸ் நிறுவனத்துடையது, டீலருக்குக் கமிஷன் மட்டும். அங்கே ஷோரூமின் அளவால் விலையில் எந்த வித்தியாசமும் வராது.

அடுத்தது, வண்டி சீக்கிரம் வரும் என்ற வாதம். பெரிய டீலருக்கு மாதாமாதம் அதிக வண்டிகள் ஒதுக்கப்படுகின்றன என்பது சரி. அவரிடம் வரிசையில் நிற்பவர்களும் அதே விகிதத்தில் அதிகம் என்பது மட்டும் எப்படி மறந்துபோனது? வகுத்தல் கணக்கில் தொகுதியை மட்டும் பார்த்து விடை சொல்லும் மாணவனை எந்த வாத்தியாரும் பாஸ் போடமாட்டார். 2022 ஜூலை 30 அன்று மஹிந்திரா ஸ்கார்ப்பியோ என் காருக்கு முன்பதிவு தொடங்கிய அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பதிந்தார்கள். யாருக்கு முதலில் வண்டி என்பதில் இசட்8எல் வேரியண்ட் கேட்டவர்களுக்கு முன்னுரிமை என்று நிறுவனமே அறிவித்தது. வேரியண்ட், நிறம், பதிந்த நேரம் ஆகியவை முடிவு செய்யும் விஷயத்துக்கு டீலரின் கிளை எண்ணிக்கையைக் காரணம் காட்டுவது கதையளப்பு.

கையில் ஸ்டாக் குவிந்திருப்பதே பலம் என்கிறவர் 2025 ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 22 வரை எந்த ஊரில் இருந்தார்? ஜி.எஸ்.டி. குறையப்போகிறது என்று சுதந்திர தின உரையில் பிரதமர் சொன்ன நாளிலிருந்து மக்கள் காத்திருந்தார்கள். பழைய வரியும் செஸ்ஸும் கட்டி வாங்கிய வண்டிகள் யார்டுகளில் நின்றன. கட்டிய செஸ் கணக்கிலேயே முடங்கிப்போகும் என்று டீலர்கள் சங்கம் பகிரங்கமாகவே கவலைப்பட்டது. சிறிய கார்களுக்கு வரி 18 சதவீதமாக இறங்கிய அந்தச் சமயத்தில், நூற்றுக்கணக்கில் வண்டி வைத்திருந்தவருக்குத்தானே அவற்றை அவசரமாக யார் தலையிலாவது கட்ட வேண்டிய நிர்ப்பந்தம் அதிகம்?

முன்பணப் பாதுகாப்பு என்ற பயமுறுத்தலில் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதையும் அவர் குழப்பிவிட்டார். அங்கீகாரம் இல்லாத இடைத்தரகரிடம் பணம் கட்டுவது ஆபத்து. ஆனால் அங்கீகாரம் பெற்ற சிறிய டீலரும் தெருமுனைத் தரகரும் ஒன்றா? கட்டுரை முழுக்க இருவரையும் ஒரே கூண்டில் ஏற்றியிருப்பது அறியாமை என்றால் பரிதாபம், தெரிந்தே செய்தது என்றால் அயோக்கியத்தனம். பணம் நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறதா, விற்பனைப் பிரதிநிதியின் ஜிபேக்குப் போகிறதா. உற்பத்தியாளரின் கணினியில் உங்கள் பெயரில் ஆர்டர் எண் ஏறியதா. ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று ரசீதில் எழுத்தில் இருக்கிறதா. பாதுகாப்பு இவ்வளவுதான், இதற்கு மாடிகளை எண்ண வேண்டியதில்லை. பெரியவர் என்றால் நிலைத்திருப்பார் என்பதும் பொய். 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது, அதன் மறைமலைநகர் ஆலையின் நிழலில் வளர்ந்த டீலர்கள் உட்பட நாடு முழுக்க 170 பேர் கைவிடப்பட்டதாக டீலர்கள் சங்கம் சொன்னது. அந்த அறிவிப்பு யாருடைய ஷோரூம் எத்தனை சதுர அடி என்று பார்த்து வரவில்லை.

சர்வீஸ் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வாரண்டி தருவது உற்பத்தியாளர், அந்த பிராண்டின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் அது செல்லும். ஈக்காட்டுத்தாங்கலை ஏளனமாகக் குறிப்பிடுகிறவர் இந்த ஊரிடமிருந்து வேறொன்றைக் கற்றிருக்கலாம். 2015 டிசம்பரில் அடையாறு இந்தப் பகுதிக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நகரையே நனைத்தது. வெள்ளத்தில் நனைந்த வண்டி கைக்கு வராமலிருக்க, சென்னையில் கார் வாங்குபவர் கேட்க வேண்டியது, டெலிவரிக்கு முன் இந்த வண்டி எந்த யார்டில் நின்றது, எந்த மாதம் தயாரானது, சேஸிஸ் நம்பரைப் பணம் கட்டுமுன் காட்டுவீர்களா, பதிவுக்கு அனுப்புமுன் நானே பரிசோதிக்கலாமா என்பவை. இவற்றுக்கு நேர்முகமாகப் பதில் சொல்பவர் நல்ல டீலர். அந்த நான்கு கேள்விகளில் ஒன்றைக்கூட எழுதாத ஒருவர் வழிகாட்டி வேடம் போடலாமா?

அவர் யாருக்காக எழுதினார் என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. கட்டுரையில் மேற்கோள் காட்டப்பட்ட குரல்கள் எல்லாம் பெரிய டீலர்களின் விற்பனை அதிகாரிகளுடையவை. சிறிய டீலர் ஒருவர் இல்லை, வண்டி வாங்கிய ஒரு குடும்பம் இல்லை. எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்பு எழுதியவருக்கு நான் ஒரு சோதனை வைக்கிறேன். ஒரே மாடல், ஒரே வேரியண்ட், ஒரே நிறம். ஒரே நாளில் ஒரு பெரிய டீலரிடமும் ஈக்காட்டுத்தாங்கல் பக்கமுள்ள ஒரு சிறிய டீலரிடமும், இன்சூரன்ஸ் வெளியில் எடுத்துக்கொள்கிறேன், ஆக்சஸரிஸ் வேண்டாம் என்று சொல்லி, வரிவரியாகப் பிரித்த விலைப்பட்டியலைக் கையெழுத்துடன் வாங்கி வரட்டும். இரண்டையும் ஒரு வரி விடாமல் அடுத்த இதழில் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட அவர் தயாரா?