கேட்டுட்டு எடுத்தீங்களா, ஸார்?

இந்தப் பக்கத்தில் ஒரு ஃபோட்டோ வந்திருக்க வேண்டும். ஏன் அனுப்பவில்லை என்று உதவி ஆசிரியர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். போனில் சொன்னால் சாக்கு என்பார். எழுதியே தொலைத்துவிடுகிறேன்.

2023 ஜூலை. ஜெர்மனியில் ம்யூனிக் நகரத்தில் என் மச்சினன் இருக்கிறான். சாஃப்ட்வேர். (வேறென்ன?) அவன் வீட்டில் பத்து நாள் டேரா போட்டிருந்தபோது, "அத்தான், பக்கத்துல லான்ட்ஸ்ஹூட்னு ஒரு ஊர். ரயில்ல ஒரு மணி நேரம்கூட ஆகாது. கல்யாணம், போலாமா?" என்றான்.

"யாருக்கு?"

"போலந்து ராஜா பொண்ணுக்கும் பவேரியா பிரபு பையனுக்கும்."

"நமக்குப் பத்திரிகை வெச்சாங்களா?"

"கல்யாணம் நடந்தே 548 வருஷம் ஆச்சு அத்தான். கேமராவை எடுத்துட்டுக் கிளம்புங்க."

விஷயம் இதுதான். 1475-ல் போலந்து ராஜா நாலாம் காஸிமிரின் மகள் ஹெட்விக்கை, லான்ட்ஸ்ஹூட் பிரபுவின் மகன் கெயோர்க்குக்குக் கட்டிவைத்தார்கள். ஜெர்மானியச் சக்கரவர்த்தியே வந்திருந்தார். நான் பி.காம். கல்யாணம் என்றதும் எனக்கு முதலில் செலவுக் கணக்குதான் பார்க்கத் தோன்றும். அந்தக் காலத்துக் குறிப்பின்படி 60,000 கில்டருக்கு மேல். கோழி மட்டும் 40,000. பந்தியில் உட்கார இடம் கிடைத்ததா என்று யோசித்தபோதே எனக்கு வியர்த்தது.

பிற்பாடு அந்த ஊர் டவுன்ஹால் சுவரில் இந்தக் கல்யாணத்தை ஓவியமாகத் தீட்டினார்கள். அதைப் பார்த்த உள்ளூர்க்காரர்களுக்கு, 'நாமே நடத்திப் பார்த்தால் என்ன?' என்று தோன்றியிருக்கிறது. 1903-ல் ஆரம்பம். இப்போது நாலு வருஷத்துக்கு ஒரு தடவை. (2021-ல் நடக்க வேண்டியது, கொரோனாவால் 2023-க்குத் தள்ளிப்போனது.) இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேஷம் கட்டுகிறார்கள். எல்லாருமே அந்த வட்டாரத்து ஜனங்கள். அமெச்சூர் நாடகம்தான், ஆனால் ஊர் முழுக்க மேடை.

ஸ்டேஷனிலிருந்து இறங்கி நடந்தால் பழைய ஊரின் பெரிய கடைத்தெரு வருகிறது. இரண்டு பக்கமும் கூம்பு முகப்பு வீடுகள். ஒரு கோடியில் செங்கல்லாலேயே 130 மீட்டருக்கு எழுப்பிய சர்ச் கோபுரம். மேலே குன்றின்மேல் கோட்டை. கீழே தெரு முழுக்கப் பதினைந்தாம் நூற்றாண்டு. மச்சினன் இரவல் தந்த கேமராவில் தும்பிக்கை நீளத்துக்கு லென்ஸ். நான் வேட்டைக்குத் தயார்.

முதல் வேட்டை, தெருவோர வளைவுக்கடியில் ஈட்டியைச் சாத்திவிட்டு ப்ரெட்ஸல் தின்றுகொண்டிருந்த ஒரு போர்வீரன். தோளில் புரளும் தலைமுடி. நாலைந்து கிளிக். பிறகு நாகரிகமாக இரண்டு யூரோ நாணயத்தை நீட்டினேன். காரணம் இருக்கிறது. ரோமில் கொலோஸியம் வாசலில் ரோமானிய வீரர் வேஷத்தில் நின்று, கூட நின்று படம் எடுத்ததும் காசு கேட்டு மல்லுக்கு நின்றவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். தொல்லை தாங்காமல் 2015-ல் நகராட்சி தடையே போட்டது. வியன்னாவில் மொஸார்ட் காலத்து விக்கும் கோட்டுமாக நிற்பவர்கள், கச்சேரி டிக்கெட் விற்பவர்கள். ஐரோப்பாவில் வேஷம் என்றால் வியாபாரம் என்று என் மூளையில் பதிவாகியிருந்தது.

வீரன் நாணயத்தை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தான். சிரித்தான். திருப்பிக் கொடுத்தான்.

"இதுக்கு வருமான வரி எவ்வளவு கட்டணும்னு என்னைத்தான் கேக்கணும்" என்றான் இங்கிலீஷில். விசாரித்தால், நம்ம ஜாதி! ஒரு வரி ஆலோசகர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். (உடனே 'ர்' சேர்த்துவிட்டேன், கவனித்தீர்களா?)

இங்கே யாருக்கும் சம்பளம் கிடையாதாம். விக் வைக்கக்கூடாதாம். ஒரு வருஷத்துக்கு மேலாக முடி வளர்த்துக்கொண்டே ஆபீஸ் போயிருக்கிறார். மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லையா என்றேன். "அவரும் வளர்க்கிறாரே" என்றார். வாட்ச் கூடாது. மூக்குக் கண்ணாடியும் கூடாது. "அதனாலதான் காசை மூக்குகிட்ட வெச்சுப் பார்த்தேன். நீங்ககூட எனக்கு மங்கலாத்தான் தெரியறீங்க."

புறப்படும்போது ஒன்று சொன்னார். "எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா, ப்ரெட்ஸலை ஒளிச்சு வெச்சிருப்பேன்."

ஜோக் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் ஊர்வலம். குதிரைகள், கொம்பு, முரசு, கொடி. பொன்நிற வண்டியில் கல்யாணப் பெண். ஜனங்கள் தலையில் இலை வளையத்தைச் சூடிக்கொண்டு "ஹல்லோ...!" என்று இழுத்துக் கத்துகிறார்கள். நான் நானூறு கிளிக். முக்கால்வாசிப் படங்களில் முன்வரிசைக்காரரின் செல்போன்தான் கதாநாயகன்.

எல்லாம் முடிந்து சந்து வழியாகத் திரும்பும்போதுதான் அந்தப் பெண் குழந்தை. ஆறு வயசிருக்கும். நீலப் பாவாடை. பூ வளையம் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு காலில் செருப்பு இல்லாமல், தேம்பித் தேம்பி அழுகிறது. பின்னால் பழைய மரக்கதவு. பக்கவாட்டில் மஞ்சள் வெயில். என் வாழ்க்கையின் சிறந்த படம். மண்டியிட்டு உட்கார்ந்து சுட்டுத் தள்ளினேன். பத்திரிகையில் முழுப் பக்கம் போடுவார்கள் என்று கணக்குக்கூடப் போட்டுவிட்டேன்.

நிழல் விழுந்தது. நிமிர்ந்தால், பதினைந்தாம் நூற்றாண்டு கவுனில் குழந்தையின் அம்மா. கையில் பிளாஸ்திரி. கத்தவில்லை. மெதுவாக ஜெர்மனில் ஏதோ கேட்டாள்.

"என்னடா சொல்றாங்க?"

மச்சினன் தரையைப் பார்த்தபடி மொழிபெயர்த்தான். "கேட்டுட்டு எடுத்தீங்களா, ஸார்?"

எனக்குச் சுருக்கென்றது. காரணம், அதே வாக்கியத்தை நானே ஒருத்தரிடம் சொல்லியிருக்கிறேன். என் பெண் எல்.கே.ஜி. படிக்கும்போது மாறுவேடப் போட்டியில் பாரதியார். வியர்வையில் மீசை கரைந்து கன்னமெல்லாம் வழிய, அழுதுவிட்டாள். எங்கள் ஃப்ளாட்டில் ஒருத்தர் அதைப் படம் பிடித்து வாட்ஸப் குரூப்பில் போட்டார். எழுபது பேர் சிரித்தார்கள். என் பெண் ஒரு வாரம் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்றாள். அவர் வீட்டு வாசலில் நின்று அன்றைக்கு நான் போட்ட கூப்பாட்டைத்தான் இப்போது ஒருத்தி மெல்லிய குரலில் கேட்கிறாள்.

ஆனாலும் மனுஷ புத்தி. "பொது இடம்தானே? காலையிலேர்ந்து ஆயிரம் பேர் எடுத்தாங்களே?" என்றேன்.

அவள் பதில் சொன்னாள். மச்சினன் தமிழில்: "ஊர்வலத்துல எடுத்துக்கட்டும். அதுக்குத்தான் நடந்தா. இப்ப அவ வேஷத்துல இல்ல. செருப்பு கடிச்சு அழற என் பொண்ணு."

சட்டமும் அவள் பக்கம்தான் என்று காதைக் கடித்தான். 1898-ல் பிஸ்மார்க் இறந்தபோது, இரண்டு ஃபோட்டோகிராபர்கள் அவர் கிடந்த அறைக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து பிணத்தைப் படமெடுத்துவிட்டார்களாம். வழக்கு, பறிமுதல், ஊரெல்லாம் பேச்சு. அதன் தொடர்ச்சியாக 1907-ல் வந்த சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. ஒருத்தர் படத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது. கூட்டம், ஊர்வலம் இதற்கெல்லாம் விலக்கு உண்டு. சந்தில் தனியாக அழுகிற குழந்தைக்கு விலக்கு கிடையாது.

அவள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக அழித்தேன். பதினோரு படங்கள். பதினோராவதுதான் பிரமாதம்.

அந்த ஒரு நிமிஷத்தில், நிஜமான ஹெட்விக் ஞாபகம் வந்தது. போலந்திலிருந்து பதினெட்டு வயசில் இங்கே வந்தவள். பிறகு புர்க்ஹவுஸன் கோட்டையில் வாழ்ந்து, 1502-ல் இறந்துபோனாள். கோழிக்கெல்லாம் எண்ணிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். அவளிடம் யாராவது சம்மதம் கேட்டதாக அந்த ஊரில் எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

அடுத்த கல்யாணம் 2027-ல். போகிறவர்களுக்கு அனுபவஸ்தன் சொல்வது: ஊர்வலத்தில் இஷ்டத்துக்கு எடுங்கள். தனி ஆள் என்றால் கேமராவை லேசாக உயர்த்திப் புருவத்தால் கேளுங்கள், பாஷையே வேண்டாம். தலையாட்டினால் எடுங்கள். காசு வாங்குகிற ஊரானால் முதலிலேயே ரேட்டைப் பேசிவிடுங்கள். அழுகிறவர்களை விட்டுவிடுங்கள்.

சரி, ஃபோட்டோ? பிளாஸ்திரி ஒட்டி, செருப்பு மாட்டி, அழுகை நின்றதும் குழந்தை அம்மா காதில் ஏதோ சொன்னது. "இப்ப எடுக்கச் சொல்றா" என்றான் மச்சினன். குழந்தை எழுந்து, வளையத்தைச் சரிசெய்து, இரண்டு கையையும் ஒட்ட வைத்துக்கொண்டு, முன்பல் இரண்டு இல்லாமல் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல் நின்றது. பின்னால் கதவு இல்லை, குப்பைத்தொட்டி. வெயிலும் போய்விட்டது. எடுத்தேன். படுமோசமான படம். என் மேஜை மேல் வைத்திருக்கிறேன்.

பத்திரிகையில் போடலாமா என்று மட்டும் கேட்க மறந்துவிட்டேன்.

உதவி ஆசிரியர் மன்னிக்கவும். இந்த இடத்தில் ஒரு ஊறுகாய் விளம்பரம் போட்டுக்கொள்ளலாம்.