வாடகை வீடும் நம் வீடே!

மாதம் பிறந்தால் வாடகை கொடுக்க வேண்டும். பதினோரு மாதம் முடிந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். "இது என்ன, நம் வீடா? நாளைக்குக் காலி செய்யச் சொன்னால் போகத்தானே வேண்டும்? இதற்கு எதற்குச் செலவு?" சென்னையில் வாடகைக்குக் குடியிருக்கும் பல குடும்பங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது.

இதனால் என்ன ஆகிறது? மூட்டைகள் பிரிக்கப்படாமலே பரணில் கிடக்கின்றன. முன்பு இருந்தவர் அடித்த ஆணியும், அவர் விட்டுப் போன அழுக்கும் சுவரில் அப்படியே இருக்கின்றன. குழந்தை உட்கார்ந்து படிக்க ஒரு மூலை இல்லை. சத்திரத்தில் தங்குவது போலக் குடும்பம் தங்குகிறது.

ஆனால் காலம் நிற்பதில்லை. ஒரு வருடத்துக்கு என்று வந்த குடும்பம் ஐந்து வருடம் இருந்துவிடுகிறது. ஐந்து வயதில் அந்த வீட்டுக்குள் நுழைந்த குழந்தைக்குப் பத்து வயது ஆகிவிடுகிறது. கொடுத்த முன்பணம் ஒரு நாள் திரும்பி வரும். அந்த ஐந்து வருடம் திரும்பி வருமா?

இது ஒருவர் இருவருடைய கவலை அல்ல. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரங்களில் நூற்றில் ஏறத்தாழ 28 குடும்பங்கள் வாடகை வீட்டில் வாழ்ந்தன. இத்தனை பேரும் சொந்த வீடு கட்டிய பிறகுதான் நிம்மதியாக வாழ வேண்டும் என்றால், அது நடக்கிற காரியமா?

சட்டம் சொல்வது என்ன?

வாடகை வீட்டில் குடும்பங்கள் தயங்குவதற்கு முதல் காரணம், எது யாருடைய பொறுப்பு என்பது தெரியாததுதான். இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் உள்ளது.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். வேலைகளையும் அது இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது.

சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குச் சாயம் பூசுவது, தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின்சாரக் கம்பிகளைச் சீர் செய்வது ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயின் வாஷர் தேய்ந்தால் மாற்றுவது, ஸ்விட்ச் பழுது பார்ப்பது, சாக்கடை அடைப்பு எடுப்பது, பூட்டு, கைப்பிடி, உடைந்த கண்ணாடி ஆகியவற்றை மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருக்கலாம். ஆகவே கையெழுத்துப் போடும் முன்பு ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரர் தம் பங்கு வேலையைச் செய்யாவிட்டால், குடியிருப்பவரே அதைச் செய்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எந்த மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது.

சட்டம் இருந்தால் போதுமா? போதாது. நல்ல வீடு கிடைப்பது அரிதாக இருக்கும் ஊரில், "வெள்ளையடித்துக் கொடுங்கள்" என்று கேட்கவே குடும்பத் தலைவர் அஞ்சுகிறார். கேட்டால் வாடகை ஏறுமோ, காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம். ஆகவே கேட்க வேண்டியதைக் குடிவருவதற்கு முன்பே கேட்பது நல்லது. முன்பணம் கைமாறுவதற்கு முன்பு சொல்லுக்கு இருக்கும் மதிப்பு, பிறகு இருப்பதில்லை.

பழைய வீட்டின் குணம்

முப்பது, நாற்பது வருடத்துப் பழைய அடுக்கு வீடுகளில் சில நன்மைகள் உண்டு. பல வீடுகளில் சுவரோடு கட்டிய அலமாரி இருக்கும். சாமான் வைக்கப் பரண் இருக்கும். மொசைக் தரை கோடையில் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அழுக்குப் போக அந்தத் தரையில் ஆசிட் ஊற்றிவிடக் கூடாது. தரை அரித்துப் பளபளப்புப் போய்விடும். இளஞ்சூடான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து துடைத்தாலே போதும்.

சுவரில் ஈரம் கசிந்தால், அதன் மேல் படமோ அலங்காரக் காகிதமோ ஒட்டி மறைக்கக் கூடாது. உள்ளே பூஞ்சை பிடிக்கும். குழந்தைகளுக்கு இருமலும் இழுப்பும் வரலாம். முதலில் கசிவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடைக்க வேண்டும். அதன் பிறகுதான் வெள்ளையடிப்பு.

பழைய மின்சாரக் கம்பிகள் அந்தக் காலத்து விளக்குக்கும் விசிறிக்கும் போட்டவை. ஏ.சி., கெய்சர், கிரைண்டர் எல்லாவற்றையும் அவை தாங்கும் என்று நம்பக் கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகே புதிய சாமானைப் பொருத்த வேண்டும்.

கூடவே வரும் அழகு

செலவு செய்வதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. வீடு மாறும்போது கூடவே எடுத்துச் செல்ல முடிகிற பொருளுக்குத் தாராளமாகச் செலவு செய்யலாம். சுவரோடு நின்றுவிடுவதற்குக் கை இறுக்கமாக இருக்க வேண்டும்.

கூடத்தில் ஒரு பவானி ஜமக்காளம் விரித்தால் அறையின் முகமே மாறிவிடும். ஒரு கோரைப் பாயும் இரண்டு திண்டும் இருந்தால் விருந்தினர் உட்கார இடம் ஆயிற்று. பழைய பருத்திப் புடவையைத் தைத்து ஜன்னல் திரையாக்கலாம். ஜன்னலின் இரு பக்கச் சுவர்களுக்கு இடையே இறுகி நிற்கும் ஸ்பிரிங் கம்பிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுக்கு ஆணியே வேண்டாம்.

பழைய சுவரில் ஆணி அடித்தால் காரை பொலபொலவென்று உதிரும். முன்பே இருக்கும் ஆணிகளில் படத்தை மாட்டலாம். இல்லாவிட்டால் அலமாரித் தட்டில் சாய்த்து வைக்கலாம். தாத்தா பாட்டி படமும், குழந்தை வரைந்த படமும் கண்ணில் படுகிற இடத்தில் இருந்தால், அதற்கு மேல் என்ன அலங்காரம் வேண்டும்?

கூடத்தில் ஒரே ஒரு வெள்ளைக் குழல் விளக்கு எரிந்தால் ஆஸ்பத்திரி போல இருக்கும். மாலையில் மூலையில் மஞ்சள் ஒளி தரும் ஒரு சின்ன விளக்கை ஏற்றிப் பாருங்கள். பால்கனியில் தொட்டியில் ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலைக் கன்று வையுங்கள். வாசலில் இரண்டு இழைக் கோலம் போடுங்கள். இவற்றுக்கு யார் அனுமதியும் தேவை இல்லை.

முன்பணம் பத்திரம்

முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டத்தின் பொது விதி. இருவரும் சம்மதித்து வேறு விதமாக எழுதிக்கொண்டால் அது வேறு. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

எது உரிய பிடித்தம் என்பதில்தான் சண்டை வருகிறது. இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. குடிவந்த அன்றே ஒவ்வொரு சுவரையும், தரையையும், குழாயையும் கைப்பேசியில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட வேண்டும். சுவருக்கு வேறு வண்ணம் பூச விரும்பினால், வாய்ப் பேச்சாகக் கேட்காமல் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். சுவரை இடிப்பது, புதிதாகக் கட்டுவது போன்ற வேலைகளை எழுத்து அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. அது வீட்டைவிட்டு வெளியேற்றவே காரணமாகிவிடும்.

சுவர் வீட்டுக்காரருடையது. அதை அவர் வைத்துக்கொள்ளட்டும். அந்தச் சுவர்களுக்கு நடுவே கழிகிற நாட்கள் குடியிருக்கும் குடும்பத்தினுடையவை. பள்ளியில் ஆசிரியர் "உன் வீடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், எந்தக் குழந்தையும் வாடகை ரசீதை நினைத்துப் பதில் சொல்வதில்லை. மாலையில் விளக்கு எரியும் அந்த மூலையைத்தான் நினைக்கிறது.

பரணில் இருக்கும் மூட்டையை இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கிப் பிரிக்கலாமே!