கொடுத்தாலும் குறையாத நெல்லிக்கனி

எங்கள் அதியமான்கோட்டைப் பக்கம் அதியமான் என்றாலே அடுத்து நினைவுக்கு வருவது நெல்லிக்கனிதான். கிடைப்பதற்கரிய கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்தான். கொடுத்த பிறகு அவனிடம் கனி இல்லை. கம்ப்யூட்டர் ஃபைல் அப்படியல்ல. எத்தனை பேருக்குக் காப்பி செய்து கொடுத்தாலும் அசல் நம்மிடமே இருக்கும். அப்படியிருந்தும் அரிய ஆராய்ச்சித் தகவல்கள் பல, எடுத்தவர்களின் ஹார்ட் டிஸ்க்கிலேயே முடங்கிக் கிடக்கின்றன.

செல்களின் நகர்வு பற்றிய ஆராய்ச்சியைப் பாருங்கள். விரலில் வெட்டுப்பட்டால் பக்கத்துத் தோல் செல்கள் நகர்ந்து வந்து காயத்தை மூடுகின்றன. புற்றுநோய் வேறு உறுப்புக்குப் பரவுவதும் செல்கள் நகர்வதால்தான். இதை ஆராய, மைக்ராஸ்கோப்பில் கேமராவைப் பொருத்திச் சில நிமிடங்களுக்கு ஒரு படம் எடுக்கிறார்கள். ஒவ்வொரு செல்லும் எங்கே போனது என்பதை சாஃப்ட்வேர் கணக்கிட்டு, எக்செல் ஷீட் போன்ற அட்டவணையாகத் தருகிறது.

ஆனால் ஆளுக்கொரு சாஃப்ட்வேர், ஆளுக்கொரு ஃபார்மட். யூனிகோடு பரவுவதற்கு முன், ஒருவர் டைப் செய்த தமிழ்க் கடிதம் இன்னொருவர் கம்ப்யூட்டரில் புரியாத குறிகளாகத் தெரியும். அதே கதைதான் இங்கும். இதற்குத் தீர்வாகப் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து, செல் நகர்வுத் தகவல்களுக்கான பொதுத் தரங்களை 2020-ல் வெளியிட்டார்கள்.

நம் ஊர் உதாரணமும் உண்டு. கருவில் வளரும் குழந்தையின் மூளையில், நரம்பு செல்கள் உட்புறத்தில் பிறந்து வெளி அடுக்கை நோக்கி நகர்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், ஐந்து கரு மூளைகளின் 5,132 மெல்லிய சீவல்களைப் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இவை நகரும் படங்கள் அல்ல. ஆனாலும் வெவ்வேறு வார வளர்ச்சியை ஒப்பிட்டு, செல்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று ஆராய இவை உதவும். இத்தகைய மாதிரிகள் எளிதில் கிடைப்பவையல்ல. பூட்டி வைத்திருந்தால் எவ்வளவு பெரிய இழப்பு!

"நம் தகவலை வைத்து வேறொருவர் முந்திக்கொண்டால்?" என்ற பயம் நியாயமானதே. கட்டுரை வெளியாகும் வரை அவகாசம் கொடுக்கலாம். நோயாளிகளின் பெயர், விவரங்களை நீக்கிவிட்டு வெளியிடலாம். ஆனால் மக்கள் வரிப்பணத்தில் சேர்த்த தகவல் என்றாவது ஒருநாள் மக்களிடம் வந்தாக வேண்டும் என்பதே என் கருத்து.

சரி, பகிர்ந்ததால் விளைந்த பலனை எப்படி அளப்பது? சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: டவுன்லோட் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். சர்ச் இன்ஜின்களின் தானியங்கி புரோகிராம்களும் அதில் சேர்ந்துவிடலாம். ஆயிரம் பேர் இறக்கி வைத்து ஒருவரும் திறக்காமலும் இருக்கலாம். அந்தத் தகவலை வைத்து வேறு யார் புதிதாக என்ன கண்டுபிடித்தார்கள், எந்தப் பிழையைத் திருத்தினார்கள் என்பதே உண்மையான அளவு.

இதைக் கண்டறிய வழி இருக்கிறது. வண்டிக்கு ரிஜிஸ்டர் நம்பர் போல, ஒவ்வொரு தகவல் தொகுப்புக்கும் டி.ஓ.ஐ. என்ற நிலையான எண் தரலாம். இதற்காகவே 'டேட்டாசைட்' அமைப்பு 2009-ல் தொடங்கப்பட்டது. பயன்படுத்துபவர் அந்த எண்ணைத் தன் கட்டுரையில் குறிப்பிட்டால், யாருடைய உழைப்பு எங்கே பயன்பட்டது என்று தெரிந்துவிடும்.

குறிப்பிடுவதோடு நின்றுவிடக் கூடாது. பதவி உயர்வுக்கும் நிதி உதவிக்கும் கட்டுரைகளை மட்டும் எண்ணினால், தகவலை ஒழுங்குபடுத்திப் பகிர யார் மெனக்கெடுவார்கள்? தகவல் தொகுப்புகளையும் சாஃப்ட்வேரையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று, 2012-ல் உருவான சான் பிரான்சிஸ்கோ அறிக்கை சொல்கிறது. நம் பல்கலைக்கழகங்கள் இதை உடனே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 'தரணி' படங்களை பிரவுசரில் திறந்து, மவுஸால் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஸ்கூல் புராஜெக்ட்டுக்கு இன்டர்நெட்டிலிருந்து படமோ புள்ளிவிவரமோ எடுத்தால், எங்கிருந்து எடுத்தது, யார் தயாரித்தது என்று கீழே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிதான் கொடுத்தவருக்கு நாம் தரும் கூலி.